மலையின் வேர் எவ்வளவு ஆழம்? வாசகர் கேள்வி – பதில்

புவித்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில் மலைத்தொடர் எழுகிறது என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

தட்டுகள் மோதினால் நிலம் மேலே மட்டும்தான் எழுமா? எழுந்த மலையின் பாரத்தை எது தாங்குகிறது? – வாசகர், வாலாஜாபேட்டை

மேலே தெரிவது கொசுறுதான். நெருக்கலில் மேலோடு தடிக்கும்போது பெரும்பங்கு கீழேதான் இறங்குகிறது.

கண்டத்தின் மேலோடு ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 2.8 கிராம். அதற்கு அடியில் உள்ள கவசம் 3.3 கிராம். எடை குறைந்தது எடை கூடியதன் மேல் மிதக்கிறது. ஏரியில் மிதக்கும் கட்டை தடிமனாக இருந்தால் தண்ணீருக்கு மேலேயும் கூடத் தெரியும், கீழேயும் கூட அமிழ்ந்திருக்கும் அல்லவா, அதே கணக்கு. 2.8-ஐ இரண்டு எடைகளின் வித்தியாசமான 0.5-ஆல் வகுத்தால் 5.6 வரும். மேலே 1 கி.மீ. உயரம் நிற்க வேண்டுமானால் கீழே ஐந்தரை கி.மீ.க்கு மேல் வேர் வேண்டும் என்று அர்த்தம்.

இதைத் திபெத்துக்குப் போட்டுப் பாருங்கள். உயரம் சுமார் 5 கி.மீ., அதற்கு வேர் 28 கி.மீ., சாதாரணக் கண்டத்தின் தடிமன் 35 கி.மீ. கூட்டினால் 68. நிலநடுக்க அலைகளை வைத்து அளந்ததில் திபெத்தின் மேலோடு 70 கி.மீ. அளவுக்குத் தடித்திருக்கிறது. பேப்பரில் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது நிலவியலில் அபூர்வம்.

இந்த வேரைக் கண்டுபிடித்த கதை நம் பக்கத்தில் ஆரம்பித்தது. 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கினார். அந்த அளவை, அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியபோது, வானத்து விண்மீன்களைப் பார்த்துக் கணித்த தூரமும் தரையில் அளந்த தூரமும் ஒத்துப்போகவில்லை. விண்மீன் அளவுக்குச் செங்குத்துத் திசையைக் காட்டும் தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுத்திருந்தது. பிராட் என்பவர் மலையின் கனத்தைக் கணக்கிட்டு, குண்டு கிட்டத்தட்ட 16 கோண விநாடி (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு கோண விநாடி) சாய்ந்திருக்க வேண்டும் என்றார். உண்மையில் தெரிந்த வித்தியாசம் 5 விநாடி சொச்சம். மூன்றில் இரண்டு பங்கு இழுப்பைக் காணோம். மலைக்கு அடியில் கனமான பாறை இருக்க வேண்டிய இடத்தை லேசான வேர் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இழுப்பு குறைகிறது என்று 1855-இல் ஜார்ஜ் ஏரி (Airy) என்ற ஆங்கிலேய வானியலாளர் விளக்கினார்.

ஒரு எச்சரிக்கை. தட்டுகள் நெருப்புக் குழம்பின் மேல் மிதப்பதாகச் சில கைடுகளில் படம் போட்டிருக்கிறார்கள். கவசம் குழம்பு இல்லை, திடப்பாறை. சூட்டினால் அது லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நகர்ந்து கொடுக்கும், அவ்வளவுதான்.

இமயம் தொடர்ச்சியாக நிற்கிறது. நம் ஊர் மலைகளோ ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சிதறிக் கிடக்கின்றன. இவையும் தட்டு மோதலில் வந்தவைதானா? – வாசகர், ஆரணி

நீங்கள் பார்ப்பது மோதலில் எழுந்த மலையின் உச்சி அல்ல, அதன் அடிவயிறு.

வேலூர் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு கல்குவாரியில் புதிதாக உடைந்த கருங்கல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கரும்பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், எண்ணெய்ப் பசை போன்ற மினுமினுப்பு, சில கற்களில் மிளகு அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். சிவப்பாக இருப்பது கார்னெட். கல்லுக்குப் பெயர் சார்னோகைட். பரங்கிமலை, பல்லாவரத்தில் இருப்பதும் இதே இனம்தான். இந்தக் கனிமங்கள் 700 முதல் 900 டிகிரி சூட்டில், 20–30 கி.மீ. ஆழத்து அழுத்தத்தில்தான் இப்படிச் சேர்ந்து உருவாகும். வட தமிழ்நாட்டில் இது நடந்து சுமார் 250 கோடி ஆண்டு ஆகிறது. சிறு சிறு நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டியபோது நடந்தது என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருத்து.

இப்போது கணக்குக்கு வருவோம். 25 கி.மீ. ஆழத்தில் வெந்த பாறை நம் காலடியில் கிடக்கிறது என்றால் அதன் மேலிருந்த 25 கி.மீ. கரைந்து போயிருக்க வேண்டும். அத்தனையும் போன பிறகும் நமக்கு அடியில் இன்னும் 35 கி.மீ.க்குக் குறையாமல் மேலோடு இருக்கிறது. கூட்டினால் 60. பின்னாளில் கீழிருந்து கொஞ்சம் ஒட்டியிருக்கலாம் என்று கழித்துக்கொண்டாலும், அன்றைய வேலூருக்கு அடியில் இன்றைய திபெத்துக்குச் சற்றேறக்குறைய நிகரான தடிமன் இருந்திருக்கிறது. இமயத்துக்கு அடியில் இன்று யாரும் எட்ட முடியாத ஆழத்தில் வெந்துகொண்டிருக்கும் பாறை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? வேலூரை ஒட்டிய பாலமதி மலைக்குப் போனால் போதும்.

இன்றைய உயரம் வேறு விஷயம். பாறையில் வெடிப்புகள் நெருக்கமாக உள்ள இடங்களில் மழைநீர் உள்ளே இறங்கி, பாறையை மக்க வைத்து, பள்ளமாக்கிவிட்டது. வெடிப்பு குறைந்த கெட்டியான பகுதிகள் நின்றுவிட்டன. அதனால்தான் தொடர்ச்சி இல்லை. இவற்றை எஞ்சிய மலைகள் என்று பாடப்புத்தகம் சொல்வது சரியான பெயர்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸும் தட்டு மோதலில் வந்ததுதான். அங்கே எரிமலைகள் உண்டு, இமயத்தில் ஏன் இல்லை? – கல்லூரி மாணவி, காட்பாடி

எது எதோடு மோதுகிறது என்பதைப் பொறுத்தது. ஆண்டீஸில் நாஸ்கா என்ற கடல்தட்டு கண்டத்துக்கு அடியில் போகிறது. கடல்தட்டு குளிர்ந்தது, கனமானது, அதனால் அமிழும். வெறும் பாறையாக அமிழ்வதில்லை. பல கோடி ஆண்டு கடலுக்கு அடியில் கிடந்ததால் அதன் கனிமங்களுக்குள்ளேயே நீர் பிணைந்திருக்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழம் போனதும் சூடும் அழுத்தமும் அந்த நீரை வெளியே தள்ளும். நீர் மேலே உள்ள கவசத்தில் ஏறும்போது அந்தப் பாறை உருகும் சூட்டுநிலை சில நூறு டிகிரி குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே சூடாக இருக்கும் பாறை, கூடுதல் சூடு எதுவும் இல்லாமலேயே உருகத் தொடங்குகிறது. தட்டு உரசும் சூட்டில் எரிமலை வருகிறது என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். வேலை செய்வது நீர்.

எரிமலை வரிசை கடல் அகழியிலிருந்து 200–300 கி.மீ. உள்ளே தள்ளி நிற்பதும் இதனால்தான். தட்டு சாய்ந்து சாய்ந்து 100 கி.மீ. ஆழத்தை எட்ட அவ்வளவு தூரம் போக வேண்டும். சாய்வு மிகக் குறைந்து தட்டு ஏறக்குறையப் படுத்தபடி போகும் இடங்களில் எரிமலை அணைந்துவிடும். ஆண்டீஸின் உயர்ந்த சிகரமான அகோன்காகுவா (6,961 மீ.) அப்படிப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது, அது எரிமலையும் அல்ல.

இமயத்திலும் ஒரு காலத்தில் இதே ஏற்பாடு இருந்தது. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெதிஸ் கடல் கிடந்தது. அதன் தரை திபெத்துக்கு அடியில் அமிழ்ந்தபோது அங்கே எரிமலைகள் இருந்தன. அவற்றின் அடியில் உறைந்த கிரானைட்டை லடாக்கில் இன்று காணலாம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் தீர்ந்து இந்தியக் கண்டமே வந்து முட்டியது. கண்டம் லேசு, அமிழ மறுக்கும். அதுவரை ஆண்டுக்கு 15 செ.மீ. வேகத்தில் வந்த இந்தியா 5 செ.மீ.க்கு இறங்கியது. நீர் கொண்டுபோகும் கடல்தட்டு இல்லை, உருகலும் இல்லை, எரிமலையும் இல்லை. முழுக்க முழுக்க அமிழாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. லடாக்கின் சோ மொராரி ஏரிப்பக்கம் கோசைட் என்ற கனிமம் கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய 90–100 கி.மீ. ஆழம் போனால்தான் அது உருவாகும். இந்தியாவின் ஓரம் அவ்வளவு ஆழம் இழுக்கப்பட்டு, பிறகு மேலே மீண்டு வந்திருக்கிறது.

இரண்டுமே கடல்தட்டாக இருந்தால் மலைத்தொடருக்குப் பதில் எரிமலைத் தீவு வரிசை. அந்தமானின் பாரன் (Barren) தீவு நம் நாட்டு உதாரணம். அதே எல்லைதான் 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நழுவி, சுனாமியை நாகப்பட்டினம் வரை அனுப்பியது.

இமயம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதாகப் படித்தேன். 5 கோடி ஆண்டில் அது எங்கேயோ போயிருக்க வேண்டுமே? – வாசகர், ராணிப்பேட்டை

ஆண்டுக்கு 4 மி.மீ. என்று வைத்தால் 10 லட்சம் ஆண்டில் 4 கி.மீ., 5 கோடி ஆண்டில் 200 கி.மீ. ஆனால் எவரெஸ்ட் நிற்பது 8,848.86 மீட்டரில் (2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு). விடை இதுதான்: பாறை ஏறுவது வேறு, மலையின் உயரம் கூடுவது வேறு. ஏறும் பாறையைப் பனியாறும் மழையும் நிலச்சரிவும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் கழித்துக்கொண்டிருக்கின்றன. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுபோகின்றன. வங்காள விரிகுடாவின் அடியில் அது பல கி.மீ. தடிமனுக்குப் படிந்து, இலங்கைக்கும் தெற்கே வரை நீண்டு கிடக்கிறது.

மேலே கழிந்தால் கீழிருந்து வேர் ஏறிவரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு போட்ட அதே எடைக் கணக்கில், 1 கி.மீ. பாறையைச் சுரண்டினால் வேர் 850 மீட்டர் ஏறிவிடும். உயரம் குறைவது 150 மீட்டர் மட்டுமே. 5 கி.மீ. உயர மலையைத் தரைமட்டமாக்க 30 கி.மீ.க்கு மேல் பாறையைக் கரைக்க வேண்டும். ஆரணி வாசகருக்குச் சொன்ன 25 கி.மீ. ஏன் அவ்வளவு பெரிய எண் என்பது இங்கே விளங்கும்.

இன்னொரு விஷயம். உயரம் சீராக ஏறுவதில்லை. இந்தியத் தட்டு இமயத்துக்கு அடியில் சாய்வான ஒரு பெரும்பிளவின் வழியாக ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. நுழைய வேண்டும். பிளவின் மேல்பகுதி சிக்கிக்கொண்டு நிற்பதால் நூறு, இருநூறு ஆண்டுப் பாக்கி சேர்ந்து ஒரே நாளில் தீர்கிறது. 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கம் (7.8) அப்படித்தான் வந்தது. காத்மாண்டு பள்ளத்தாக்கு ஏறக்குறைய 1 மீட்டர் உயர்ந்தது. அதே நிமிடத்தில் வடக்கே உயர்ந்த சிகரங்கள் உள்ள பகுதி அரை மீட்டருக்கு மேல் இறங்கியது! சிக்கியிருந்த காலத்தில் அழுந்திப் புடைத்திருந்த பகுதி தளர்ந்ததால் வந்த இறக்கம் அது. நீண்ட கால ஏற்றம் இந்தப் புடைப்பையும் தளர்வையும் கழித்து மிஞ்சுவதுதான்.

சாளக்கிராமம் கடல் உயிரினம் என்கிறார்களே, மலையில் எப்படி? – வாசகி, சோளிங்கர்

நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் சக்கரச் சுழி உள்ளவை அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவங்கள். சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன் டெதிஸ் கடலின் தரையில் கருஞ்சேற்றில் புதைந்தவை. கடல் மூடியபோது அந்தச் சேற்றுப்படிவமும் மடிந்து மேலே ஏறியது. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புப்பாறை இன்னும் பழசு, 45 கோடி ஆண்டுக் கடல்தரை. அதே அம்மோனைட் இனங்களின் உறவுகள் நம் பெரம்பலூர், அரியலூரிலும் கிடைக்கின்றன. அங்கே மோதல் எதுவும் இல்லை. கடல் உள்ளே வந்து போனது, அவ்வளவே.

ஒன்பதாம் வகுப்புக்கு மலை உருவாவதைச் செய்து காட்ட வேண்டும். துணியை நெருக்கிச் சுருக்கம் காட்டுவது போதுமா? – ஆசிரியர், குடியாத்தம்

துணி மடியும், ஆனால் உடையாது. இமயத்தின் முக்கிய வேலை உடைந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறுவது. அதற்கு மணல்தான் சரி. 1880-களிலேயே ஸ்காட்லாந்தில் கேடல் என்பவர் இப்படி ஒரு நெருக்குப் பெட்டியில் செய்து பார்த்திருக்கிறார்.

மீன்தொட்டி செய்யும் கடையில் 60 செ.மீ. நீளம், 15 அகலம், 20 உயரத்தில் கண்ணாடிப் பெட்டி சொல்லுங்கள். உள்ளே நுழையும்படி 14.5 செ.மீ. அகலத்தில் ஒரு ப்ளைவுட் பலகை; பக்கங்களிலும் அடியிலும் கதவு இடுக்குக்கு ஒட்டும் ஸ்பாஞ்சுப் பட்டையை ஒட்டிவிடுங்கள், மணல் பின்னால் ஒழுகாது. ஆற்றுமணல் 3 கிலோ போதும். கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கொசுவலையில் சலியுங்கள். எம்-சாண்ட் என்றால் தூசி போகும் வரை இன்னும் நாலு தண்ணீர் கூடுதலாக அலச வேண்டும். கோடு தெரிவதற்குக் கலர் கோலப்பொடி மூன்று நிறம், ஒவ்வொன்றிலும் 150 மில்லி டம்ளர் ஒன்று. அரிசிமாவு வேண்டாம், கட்டிதட்டும், எறும்பு வேறு.

பலகையைப் பெட்டியின் ஒரு முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிறுத்தி, முன்னால் உள்ள 50 செ.மீ.யில் 8 மி.மீ. மணல், அதன் மேல் 2 மி.மீ. கோலப்பொடி என்று மூன்று முறை பரப்புங்கள். மொத்தம் 3 செ.மீ. ஸ்கேலால் மட்டம் தட்டுங்கள், அழுத்த வேண்டாம். பிறகு பலகையை ஒரு செ.மீ. ஒரு செ.மீ.யாகத் தள்ளி ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் ஓரிரு செ.மீ.யில் பலகையை ஒட்டி மணல் புடைக்கும். அடுத்து, பலகையின் அடியிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் ஒரு பிளவு கிளம்பி, 5 செ.மீ. முன்னால் மேற்பரப்பில் வெளிப்படும். கலர்க்கோடு அங்கே அறுந்து, ஒரு துண்டு மற்றதன் மேல் ஏறியிருக்கும். தள்ளத் தள்ள முதல் பிளவு ஓய்ந்து அதற்கு முன்னால் புதிய பிளவு வரும். 15 செ.மீ. தள்ளி முடிக்கும்போது மூன்று நான்கு பிளவுகளும், பலகையோரம் 7–8 செ.மீ. உயரமும் கிடைக்கும். இமயத்திலும் இதே வரிசைதான்: வடக்கே பெரிய இமயத்தின் அடியில் உள்ள பிளவு பழையது, தெற்கே சிவாலிக் குன்றுகளின் அடியில் உள்ளது புதியது, இன்றும் நகர்வது.

கெட்டுப்போகும் இடங்கள்: மணலில் ஈரம் இருந்தால் சாய்வுப் பிளவு வராது, பாளம் பாளமாக வெடிக்கும். பலகை நிமிர்ந்து மணல் மேல் ஏறினால் மேலே ஒரு செங்கல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். கோலப்பொடி 5 மி.மீ.யைத் தாண்டினால் மேல்மணல் அதன் மேல் தனியாக வழுக்கிப் போகும். இது உண்மையில் களிப்பாறை அல்லது உப்புப் படிவம் உள்ள மலைகளில் நடப்பதுதான், ஆகவே கோபப்படாமல் அதையும் பாடமாக்கிவிடலாம். கண்ணாடியை ஒட்டிய மணல் உராய்வால் பின்தங்கும், அதனால் பக்கத்தில் தெரியும் பிளவு கொஞ்சம் பொய் சொல்லும். முடித்த பிறகு ஸ்ப்ரே பாட்டிலால் மெதுவாக நனைத்து, நன்றாக ஊறியதும் நடுவில் தகட்டால் வெட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பதுதான் சரியான படம்.

ஏன் மணல்? பாறைக்கும் மணலுக்கும் உராய்வுக் கோணம் ஏறத்தாழ ஒன்று, 30 டிகிரியை ஒட்டியது. ஆனால் பெட்டியின் தரை கெட்டி, அது அமிழாது. வேர் இந்தச் சோதனையில் வராது என்பதைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஏலகிரி பழைய எரிமலையா? – மாணவர், ஜோலார்பேட்டை

இல்லை. சயனைட் (syenite) என்ற பாறையாக ஆழத்திலேயே குளிர்ந்து இறுகிய குழம்பு அது. வயது சுமார் 75 கோடி. பக்கத்தில் சேவத்தூரில் அதே காலத்துக் கார்பனடைட் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து நிறைந்த அபூர்வக் குழம்புப்பாறை. இந்த வகைப் பாறைகள் நெருக்கும் இடத்தைவிட, மேலோடு இழுபட்டு விரியும் இடத்தில்தான் அதிகம் வரும். ஏரியைப் பார்த்து எரிமலை வாய் என்று சொல்வதை விட்டுவிடலாம்.

2021 கடைசியில் எங்கள் பக்கம் நிலம் அதிர்ந்தது. புதிதாக மலை ஏதும் கிளம்புகிறதா? – வாசகர்கள் பலர், பேரணாம்பட்டு

இல்லை. 2021 நவம்பர், டிசம்பரில் வந்தவை 4-க்கும் குறைந்த அதிர்வுகள். வடக்கே இமயத்தில் முட்டிக்கொண்டு நிற்பதால் இந்தியத் தட்டு முழுவதுமே அழுத்தத்தில் இருக்கிறது. அந்த அழுத்தம் தட்டின் நடுவில் உள்ள பழைய பிளவுகளையும் எப்போதாவது நழுவ வைக்கும். கனமழைக்குப் பின் நீர் ஆழத்துக்கு இறங்கிப் பிளவின் பிடியைத் தளர்த்துவது உலகில் பல இடங்களில் அறியப்பட்ட ஒன்று; அந்த நவம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள: 3.5 அதிர்வைவிட நேபாளத்தின் 7.8 வெளியிட்ட ஆற்றல் சுமார் 28 லட்சம் மடங்கு. அதற்காக அலட்சியமும் வேண்டாம். 1993-இல் லாத்தூரில் தட்டின் நடுவிலேயே 6.2 வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மண்சாந்தில் அடுக்கிய கனமான கற்சுவர்கள்தான் அதிகம் கொன்றன. உங்கள் பக்கத்துப் பழைய கல்வீடுகளும் அதே வகை. புதிதாகக் கட்டுபவர்கள் லின்டல் மட்டத்தில் நாலு சுவரையும் சுற்றி விடுபடாமல் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை ஓடவிடுங்கள். ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போட்டால் சுவர்கள் மூலையில் பிரிந்துவிடும். பழைய வீட்டில் விரிசல் மூலையிலிருந்து கோணலாக ஓடுகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் பென்சிலால் தேதி போட்டு வையுங்கள். குறியைத் தாண்டி அது நீண்டால் பொறியாளரைக் கூப்பிடும் நேரம்.